ஊக்கத் திட்ட அறிவிப்பை நம்பிக் கம்பி வாங்கி அடுக்கலாமா?

"அரசு ஊக்கத் திட்டம் அறிவித்தால் கம்பி விலை ஏறும் என்கிறார்கள், வங்கிக் கடனில் 40 டன் வாங்கி இருப்பு வைக்கலாமா?" என்று திருச்சியில் கட்டுமானக் கம்பி விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அறிவிப்பை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். தொகையின் அளவை விட, அது எந்த வழியாக, எவ்வளவு விரைவாகச் செலவாகிறது என்பதே உருக்குக்கு முக்கியம். 2008 நவம்பரில் சீனா அறிவித்த 4 லட்சம் கோடி யுவான் திட்டத்தில் பெரும்பகுதி ரயில் பாதை, சாலை, மின்கட்டமைப்பு, சிச்சுவான் நிலநடுக்க மறுசீரமைப்பு ஆகியவற்றுக்கானது. வங்கிகளும் தாராளமாகக் கடன் கொடுத்ததால் வேலைகள் உடனே தொடங்கின. உலக உருக்கு உற்பத்தி சரிந்த 2009-இல், 50 கோடி டன்னைச் சற்றே தாண்டியிருந்த சீன உற்பத்தி சுமார் 57 கோடி டன்னாக உயர்ந்தது.

2009 பிப்ரவரியில் அமெரிக்கா நிறைவேற்றிய 78,700 கோடி டாலர் திட்டமோ வேறு வகை. அதில் பெரும் பங்கு வரிச் சலுகைக்கும் மாநிலங்களுக்கான உதவிக்கும் போனது. நெடுஞ்சாலைகளுக்குக் கிடைத்தது சுமார் 2,750 கோடி டாலர்தான். உள்நாட்டு உருக்கையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருந்தும், வாகனத் தொழிலின் வீழ்ச்சியும் சேர்ந்துகொண்டதால், அந்த ஆண்டு அமெரிக்க உற்பத்தி 9 கோடி டன்னிலிருந்து 6 கோடி டன்னுக்கும் கீழே இறங்கியது.

இந்தியா 2008 டிசம்பரில் உற்பத்தி வரியை 4 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைத்தது. இத்தகைய வரிக் குறைப்பு மறுநாளே விலைப்பட்டியலில் தெரியும். பாலத்துக்கான ஒதுக்கீடோ ஒப்பந்தப்புள்ளி, நில எடுப்பு, அடித்தளம் என்று கடந்து கம்பிக் கொள்முதலாக மாறப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் வியாபாரிகள் எல்லோரும் உங்களைப் போலவே நினைத்து வாங்குவதால் வரும் ஏற்றம், கட்டடத்துக்குள் ஒரு கம்பிகூடப் போகாத ஏற்றம்; இருப்பு நிரம்பியதும் அது இறங்கிவிடும்.

விலை உண்மையிலேயே ஏறினாலும் அரசு சும்மா இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2022 மே மாதம் பல உருக்குப் பொருள்கள் மீது 15 விழுக்காடு ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டதும் உள்நாட்டு விலை சரிந்தது. அந்த வரி நவம்பரில்தான் நீங்கியது. வட்டி கட்டிக்கொண்டு காத்திருந்தவருக்கு அந்த ஆறு மாதங்கள் மிக நீளமானவை.

ஆகவே உங்கள் வாடிக்கையாளரான ஒப்பந்ததாரர்களிடம் பணி ஆணை வந்துவிட்டதா, பழைய பில்லுக்குப் பணம் கிடைத்ததா என்று முதலில் விசாரியுங்கள். பில்லட் (கம்பியாக உருட்டப்படும் உருக்குக் கட்டி), ஸ்கிராப் (உருக்கிப் பயன்படுத்தும் பழைய இரும்பு) விலைகளும் கம்பியோடு சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். இவை பொருந்தி வந்தால், கையில் உள்ள ஆர்டருக்குத் தேவையானதோடு மூன்று வார விற்பனைக்கான அளவைக் கூடுதலாக வாங்கலாம். அதையும் கூடுமானவரை சொந்தப் பணத்தில் வாங்குங்கள்.