கடைசிப் பாட்டு முடிந்து டிரம்ஸைத் தாண்டி வந்தவர்

போன இதழில் கனடாவின் ரஷ் ராக் குழுவைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இத்தனை ரசிகர்கள் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அதனால் இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு. தெரியாதவர்களுக்காக: பாட்டும் பேஸ் கிதாரும் கெடி லீ, கிதார் அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸ் நீல் பியர்ட். 1974 முதல் 2015 வரை 41 வருஷம், இதே மூன்று பேர்.

நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஏன் நிறுத்தினார்கள்? பணத் தகராறா? (மதுரை வாசகர்)

தகராறெல்லாம் இல்லை, உடம்புதான். ஒரு கச்சேரி கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், நடுவில் டிரம்ஸ் தனி வேறு, பியர்ட்டுக்கு அப்போது 62 வயது, கையில் ஓயாத தசைநார் வலி, 2015-இல் போன அந்தக் கடைசிக் கச்சேரிப் பயணத்தில் காலில் புண் வந்து நடக்கவே சிரமம். மற்றவர்கள் பஸ்ஸிலும் விமானத்திலும் போக இவர் மட்டும் ஊருக்கு ஊர் மழையிலும் மோட்டார் சைக்கிளில் போகிறவர், அதுவும் சேர்ந்துகொண்டது. லைஃப்சனுக்கு மூட்டுவாதம்.

'இன்னும் கொஞ்சம் சமாளித்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. ஆனால் இந்த ஆள், உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிறகு, 1994-இல், நாற்பது வயது தாண்டி, ஃப்ரெடி குரூபர் என்ற வாத்தியாரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டவர். அவரிடம் போய் 'சுமாராக வாசித்தாலும் பரவாயில்லை' என்று யார் சொல்வது? பயணம் முடிந்த சில மாதங்களில் அவருடைய சின்ன மகள் பள்ளித் தோழிகளிடம் 'எங்கப்பா ரிட்டயர்டு டிரம்மர்' என்று அறிமுகம் செய்ய ஆரம்பித்தாள். உண்மைதான், ஆனால் கேட்கச் சிரிப்பாக இருக்கிறது என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னார்.

கடைசி நிகழ்ச்சி என்று ரசிகர்களுக்கு முன்பே தெரியுமா? (சென்னை வாசகர்)

இவ்வளவு பெரிய பயணம் இனி இருக்காது என்ற அளவுக்குச் சொல்லியிருந்தார்கள். பிரியாவிடை என்று போஸ்டரில் போடவில்லை. ஆர்-40 என்று பெயர், 35 நிகழ்ச்சி, 2015 மே 8 அன்று அமெரிக்காவின் டல்சா நகரத்தில் ஆரம்பித்து ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் முடிந்தது.

வாயால் சொல்லாததை மேடை சொல்லிவிட்டது. பாட்டுகளைப் பின்னாலிருந்து முன்னால் வாசித்தார்கள்: முதலில் 2012 ஆல்பம், அப்புறம் அதற்கு முந்தியது, அப்படியே இறங்கி 1974 வரைக்கும். டொரண்டோவில் படமாக்கியதை நான் பார்த்தேன். பாட்டு நடக்கும்போதே சிவப்பு ஓவரால் போட்ட ஆட்கள் வந்து மேடையில் இருப்பதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கெடி லீ பக்கம் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படாத காலத்தில் இடம் காலியாகத் தெரியக்கூடாது என்று துணி காயவைக்கும் டிரையர் மெஷின்களை வைத்து, உள்ளே டிஷர்ட் சுற்றவிடுவார்கள். குறும்பு பிடித்த மனுஷர்கள். அந்த மெஷினும் ஒரு கட்டத்தில் வந்துவிட்டுப் போகிறது. கடைசியில் ஏதோ பள்ளிக்கூட ஹாலில் பையன்கள் வாசிப்பது போல, நாற்காலி மேல் ஆளுக்கொரு சின்ன ஆம்ப்ளிஃபையர், அவ்வளவுதான்.

முடித்த பாட்டு 'வொர்க்கிங் மேன்', முதல் ஆல்பத்தில் இருப்பது. அதைப் பதிவு செய்தபோது பியர்ட் குழுவிலேயே இல்லை, வேறொருவர் வாசித்தது! அப்பாவின் கடையில் டிராக்டர் உதிரிபாகம் விற்றுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார். கச்சேரி முடிந்ததும் டிரம்ஸ் பின்பக்கமாக இறங்கிப் போய்விடுவதுதான் அவர் வழக்கம், முன்னால் வந்து கும்பிடு போடுகிற ஆளே கிடையாது. அன்று ராத்திரி மட்டும் டிரம்ஸைத் தாண்டி முன்னால் வந்து இரண்டு பேர் தோளிலும் கை போட்டுக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த ரசிகர்களுக்கு அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

ஆர்-40 ஐரோப்பா பக்கமே வரவில்லை. பத்து வருஷம் ஆகியும் எனக்குக் கோபம் தீரவில்லை. தப்பா சார்? (லண்டன் வாசகர்)

தப்பில்லை. கெடி லீக்கும் வர ஆசைதான், பியர்ட் ஒப்புக்கொண்டது அந்த 35-க்கு மட்டும். உங்கள் ஊர் ரசிகர்களை ஏமாற்றிவிட்டோமே என்று கெடி லீ பிற்பாடு வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ஆனால் 2013-இல் லண்டனுக்கு வந்தார்கள். நாங்கள் இங்கே 41 வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை, அந்தக் கணக்கை யாரிடம் போய்த் தீர்ப்பது?

மற்ற குழுக்கள் 'கடைசிப் பயணம்' என்று சொல்வதை நம்பலாமா? (திருச்சி வாசகர்)

ஸ்கார்பியன்ஸ் 2010-இல் விடைபெறும் பயணம் அறிவித்தார்கள், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வாசித்தார்கள். மோட்லி க்ரூ இனி ஊர் சுற்ற மாட்டோம் என்று ஒப்பந்தமே போட்டுக் கையெழுத்திட்டு, 2019-இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பது போல வீடியோ விட்டுத் திரும்பி வந்தார்கள். முடிவு உங்களுடையது, டிக்கெட் காசும் உங்களுடையது.

பியர்ட் இல்லாமல் ரஷ் என்ற பெயரில் மறுபடி வருவது துரோகம் இல்லையா? (கோவை வாசகர்)

நாலு பக்கத்துக்குக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள், முழுக்கப் படித்தேன். கடைசி நிகழ்ச்சி முடிந்து ஒரு வருஷத்தில் பியர்ட்டுக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. மூன்றரை வருஷம் அது நெருங்கியவர்களைத் தாண்டி வெளியே வரவில்லை. 2020 ஜனவரி 7 அன்று இறந்தார், நமக்கெல்லாம் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். 'இன்னும் ஒரு பயணம் வந்தால் என்ன' என்று அதுவரை முணுமுணுத்த பலரும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டோம், நான் உட்பட.

மற்ற இருவரையும் அவசரக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1997-இல் மூத்த மகளையும் அடுத்த வருஷமே மனைவியையும் இழந்து, என்னை ஓய்வு பெற்றவனாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு பியர்ட் மோட்டார் சைக்கிளில் கிளம்பியபோது, இன்னொரு டிரம்மரைத் தேடாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். 2002-இல்தான் மூவரும் மறுபடி மேடை ஏறினார்கள். இப்போது ஜெர்மனியின் அனிகா நில்லஸ் வாசிக்கிறார் என்று 2025 அக்டோபரில் அறிவித்தபோது பியர்ட் குடும்பமும் வாழ்த்துச் சொன்னது. முதல் நிகழ்ச்சிக்குக் குறித்த தேதி 2026 ஜூன் 7, இடம் அதே ஃபோரம் அரங்கம். பெயரை மட்டும் மாற்றியிருக்கலாம் என்பது என் கட்சி. பாட்டு வரிகளில் பெரும்பகுதி பியர்ட் எழுதியது என்பதால் 'பியர்ட் இல்லாமல்' என்று நீங்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை.

ரஷ் கேட்டதே இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்க? (நாகர்கோவில் வாசகர்)

1981-இல் வந்த 'மூவிங் பிக்சர்ஸ்', மொத்தமே நாற்பது நிமிஷம். கெடி லீயின் கீச்சுக் குரல் முதலில் உறுத்தும், மூன்றாம் பாட்டு 'ஒய் ஒய் இசட்'டில் பாட்டே கிடையாது, வெறும் வாசிப்பு, அங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம். ஒய் ஒய் இசட் என்பது டொரண்டோ விமான நிலையக் குறியீடு. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வருபவர்களுக்குப் பெட்டியில் ஒட்டிய அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால் வீட்டுக்குப் போகிறோம் என்று அர்த்தம். அதன் மோர்ஸ் தந்திச் சத்தத்தையே தாளமாக்கித் தொடங்குகிறார்கள். நீண்ட ஒலிக்கு இரண்டு, குட்டை ஒலிக்கு ஒன்று என்று வைத்து, எழுத்துக்கு எழுத்து ஏழு, ஏழு, ஆறு என்று தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள், இருபது வரும், இரண்டு பத்து. கண்டம், அதாவது ஐந்து ஐந்தாக எண்ணும் தாளக்கணக்கு, பழகிய கைக்கு இரண்டாவது சுற்றிலேயே பிடிபட்டுவிடும்.