கிளினிக்குக்குக் கொம்பியூட்டர் வந்தால் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வன்னியில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் சீனி, பிரஷர் கிளினிக்குக்குக் கொம்பியூட்டர் வந்திருக்கிறது, கவனிப்புத் திருந்த எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவு மேசையில் தொடங்குங்கள்.

எங்கட சனத்துக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னுக்கு வரும். பெண்பிள்ளைக்குக் கலியாணம் முடிந்தால் அது புருசன் பெயரின் எழுத்தாகிவிடும். செல்வராணியை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ்ஸில் தொடங்கி அடிப்பார், இன்னொருவர் சீஎச்சில் தொடங்குவார். பெயரால் தேடினால் ஆள் அகப்படாது. வெளியே வரிசை நிற்கும், மேசையில் இருப்பவர் புதுப் பதிவு போட்டுவிடுவார். அதோடு ஒரு மனுசிக்கு இரண்டு கோவை: ஒன்றில் பெனிசிலின் ஒவ்வாது என்று இருக்கும், மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு அதே பெனிசிலின் வகையான அமொக்சிசிலின் எழுதுவார்கள்.

ஆகவே அடையாள அட்டை எண்ணால் தேடுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். பழையதன் முன்னால் 19 போட்டு, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை விட்டால் புதியது வரும். எல்லோரையும் 12 இலக்கத்திலேயே பதியுங்கள். பிறந்த திகதியும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பழைய எண் 74561 என்று தொடங்கினால் 1974இன் 61ஆம் நாள். பெண் என்பதால் 500 கூட்டியிருக்கிறார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு, எனவே அது மார்ச் 1. திரையில் ஆண் என்று நின்றால் பிழை அங்கேயே பிடிபடும். அட்டை இல்லாதவருக்குத் தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, கிராம சேவையாளர் பிரிவு மூன்றையும் எடுங்கள்.

அடுத்தது கிரியற்றினின், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை. வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தம் உள்ள இடம். அந்த எண் ஆறு மாதமாக ஏறுகிறதா என்று ஒரே பார்வையில் தெரிவதுதான் இதில் கிடைக்கிற பெரிய பலன். ஒரு ஆய்வுகூடம் 1.2 என்று தரும், இன்னொன்று 106 என்று தரும். இரண்டும் ஒன்றுதான்: மில்லிகிராம் கணக்கை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல். அலகைத் தெரிவுசெய்யாமல் சேமிக்க முடியாதபடி கட்டத்தை அமைக்கச் சொல்லுங்கள். கிரியற்றினினை வைத்துக் கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் வேகம், 30க்குக் கீழே போனால் சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மெற்போமின் மருந்தை நிறுத்த வேண்டும். அந்தக் கணக்குக்கு வயதும் ஆணா பெண்ணா என்பதும் தேவை, அதனால்தான் பதிவு மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஒவ்வாமையைக் குறிப்புப் பகுதியில் தட்டச்சுச் செய்தால் எச்சரிக்கை வராது, பட்டியலில் தெரிவுசெய்ய வேண்டும். எச்சரிக்கைகளும் அளவாக இருக்கட்டும். ஒவ்வொரு மருந்துக்கும் சிவப்புப் பெட்டி வந்தால் எல்லோரும் வாசிக்காமலே மூடப் பழகிவிடுவார்கள்.

கரண்ட் போகும். நாளைக்கு வருவோரின் மருந்து, கடைசிக் கிரியற்றினின் அடங்கிய பட்டியலை இன்று பின்னேரமே அச்செடுத்து வையுங்கள்.

கொம்பியூட்டர் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பதிவேட்டிலும் எழுது, திரையிலும் அடி, மாத முடிவில் இன்னொரு படிவமும் நிரப்பு என்று ஒரே தாதியை வருத்துவது அநியாயம். அவர் நோயாளியோடு கதைக்கும் நேரம்தான் அதில் போகிறது. ஒன்றை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக் கொப்பியை மட்டும் நிறுத்த விடாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் அங்கே அந்த மனுசியின் கையில் இருப்பது அதுதான்.