விளக்கடிச் செவ்வந்தி மொட்டு வைக்காதது ஏன்?

கேள்வி: வாடிப்பட்டி அருகே அரை ஏக்கரில் செவ்வந்தி போட்டிருக்கிறேன். சாலையோரம் எல்இடி தெருவிளக்கு வந்த பிறகு, அதன் வெளிச்சம் விழும் நான்கு பாத்திகள் மட்டும் தழைத்து நிற்கின்றன. மற்றவை மொட்டு விட்டுவிட்டன. உரம் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். தழைச்சத்தைக் கூட்டினால் செடி இன்னும் தழைக்குமே தவிர மொட்டு வராது.

செவ்வந்தி அளப்பது பகலை அன்று, இடையில் முறியாத இருட்டின் நீளத்தை. அந்த இருட்டு போதிய அளவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். அதற்கு உதவுவது இலையிலுள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம். பச்சையம் ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. இதுவோ ஒளி இருப்பதைச் செடிக்கு உணர்த்துகிறது. இப்புரதத்தில் நான்கு வளையங்கள் கோத்த சிறு மூலக்கூறு ஒன்று பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டதும், கடைசி இரு வளையங்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பு திரும்பி, நான்காம் வளையம் மறுபுறம் புரள்கிறது. அந்த ஒரு புரளலால் புரதத்தின் வடிவமே மாறி, அது உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களின் போக்கை மாற்றுகிறது. 730 நானோமீட்டர் அளவிலான தொலைசிவப்பு ஒளி, அதாவது சிவப்புக்கு அப்பால் நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி, பட்டால் வளையம் பழையபடி திரும்பிவிடும். இருட்டிலும் மெல்ல மெல்லத் தானே திரும்பும். சிவப்பும் தொலைசிவப்பும் ஒன்றையொன்று அழிப்பதை 1952இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வாளர்கள் லெட்யூஸ் என்னும் கீரையின் விதைகளில் கண்டார்கள்: எந்த ஒளி கடைசியாகப் பட்டதோ, முளைப்பு அதன்படியே நடந்தது.

உங்கள் விளக்கின் வெள்ளை ஒளியில் சிவப்பு உண்டு, தொலைசிவப்பு மிகக் குறைவு. எனவே இருட்டில் திரும்ப முயலும் வளையத்தை அது இரவெல்லாம் புரட்டியபடி இருக்கிறது. மார்கழியில் மதுரைப் பகுதியில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரமே என்றாலும், அந்த நான்கு பாத்திகளுக்கு நீண்ட இரவு என்பதே இல்லை. செவ்வந்தியின் காட்டு உறவினம் ஒன்றில், இத்தகைய நிலையில் இலைகள் பூப்பைத் தடுக்கும் புரதத்தையே உண்டாக்குகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள்.

இரவு ஒன்பது மணிக்குப் பாத்தியில் நின்று, செடிக்கு மேல் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். இலைமேல் விரல்களின் நிழல் தெளிவாக விழும் இடம்வரை இந்தத் தொல்லை இருப்பதாகக் கொள்ளலாம். விளக்கின் வயல் பக்கத்துக்கு மறைப்புத் தகடு பொருத்தித் தருமாறு ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். நிலையான தீர்வு அதுதான். அதுவரை, விளக்கை மறைக்கும் உயரத்துக்குக் கழி நட்டுக் கறுப்புத் தார்ப்பாயைக் கட்டுங்கள். பச்சை நிழல்வலை ஒளியைக் கசியவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். ஓரிரு இரவு மறைத்துவிட்டு நிறுத்தினால் பயன் இல்லை; தொடர்ந்து மறைத்தாலும் மொட்டு கண்ணுக்குத் தெரிய மூன்று, நான்கு வாரமாவது பிடிக்கும். மறைக்கவே வழியில்லையென்றால், அடுத்த முறை அந்தப் பாத்திகளில் பூப்பதற்கு இரவு நீளத்தை எதிர்பார்க்காத தக்காளியை நடுங்கள்.