பழைய லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளில் குண்டுகள் இலக்கில் ஒரே இடத்தில் படாமல் சிதறினால் பேரலை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டு பேரலில் கை வைக்காதீர்கள். முதலில் மரத்தைப் பாருங்கள். சுடும்போது ரிசீவர், அதாவது பேரல் பொருந்தியிருக்கும் இரும்புக் கூடு, பின்னோக்கி உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது பேரலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையின் பின்முனையில் இருபுறமும் உள்ள சிறு மர முகங்கள். வருடக்கணக்கில் மரம் சுருங்கி, எண்ணெய் ஊறி மெத்தென்றாகி, ஒரு பக்கம் மட்டும் தொடும். குண்டு சிதற அதுவே போதும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெல்லப் பூசி, கட்டையை மாட்டிக் கழற்றுங்கள். கரி ஒட்டாத இடம் தொடாத இடம். நல்ல ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அங்கே கடினமரத் துண்டை ஒட்டி, இருபுறமும் ஒரே சீராகக் கரி படியும்வரை இழை இழையாகச் சீவுவார். துப்பாக்கிப் பட்டறையில் இதைவிட அழகான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, கூடியிருந்தால் வழி எளிது. நம்பர் 4-க்கு போல்ட் ஹெட்கள் (போல்ட்டின் முனையில் திருகி மாட்டும் தலைகள்) 0 முதல் 3 வரை எண்ணிட்டு, ஒன்றைவிட ஒன்று சற்று நீளமாக வந்தன. கேஜ் வைத்து அளந்தே மாற்றுங்கள். ஒரே எண்ணுள்ளவையும் நூலளவு வேறுபடும்.