மனைவிக்கு கொரோனா, பத்து நாள் பாப்பாவுக்குப் பால் கொடுக்கலாமா? – ஏற்காடு தம்பிக்குப் பதில்

தம்பி, பாசிட்டிவ்னு வந்ததும் புட்டிப்பாலுக்கு மாத்தச் சொல்றாங்க மாமியார்னு எழுதியிருந்தீங்க. மாத்தாதீங்க. தாய்ப்பாலே கொடுக்கலாம், உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்லுது. பரவுறது இருமல், தும்மல் வழியா. அம்மா மாஸ்க் போட்டு, சோப்புல கை கழுவிட்டுத் தூக்கட்டும். ரொம்ப அசதியா இருந்தா, பாலைப் பீய்ச்சித் தரட்டும், நீங்க பாலாடையில ஊட்டுங்க. பாப்பாவுக்கு மாஸ்க் கூடாது, மூச்சு முட்டும். ஆவி, வசம்பு எதுவும் வேண்டாம் (எங்க வீட்ல இதுக்கு ஒரு சண்டையே நடந்துச்சு).

பால் குடிக்காம துவண்டா, 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா, நிமிஷத்துக்கு 60 தடவைக்கு மேல மூச்சு வாங்கினா விடியட்டும்னு இருக்காதீங்க. சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. உடனே 108க்குக் கூப்பிடுங்க.