பணப் பிரச்சனையால டைவர்ஸ் வரைக்கும் போவாங்களா?

"வீட்டுக்காரர் கடனை மறைக்கிறார், இதுக்கெல்லாம் டைவர்ஸ் பண்ணுவாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் இருக்கும்னு நினைக்கிறேன் தங்கச்சி. பண்ணுவாங்க. நான் பண்ணிட்டு வந்தவ.

எங்க ஊரு கம்பம். நானும் வீட்டுக்காரரும் மேல கேரளா மலையில ஏலக்காத் தோட்டத்துக்கு கூலிக்குப் போனவங்கதான், விடியமுன்ன ஜீப்பு ஏறி கம்பம்மெட்டு செக்போஸ்ட் வழியா போயி பொழுதடையத்தான் இறங்குவோம். சனிக்கிழமை கூலிய பாயில கொட்டி அரிசிக்கு இவ்ளோ சீட்டுக்கு இவ்ளோன்னு பிரிப்போம், அப்பல்லாம் சண்டையே கிடையாது. வினை வந்தது ஏலக்கா விலை ஏறுனப்ப. 2018-ல வெள்ளம், அடுத்த வருஷமும் விளைச்சல் போச்சு, காயே இல்லாம 2019 ஆகஸ்டுல கேரளாவுல புத்தடி ஏலக்கா ஏல மையத்துல கிலோ 7000 ரூபா வரைக்கும் போச்சு. கூலிக்குப் போறவனெல்லாம் மொதலாளி கணக்குப் போட ஆரம்பிச்சான். இவரும் அஞ்சு கிலோ பச்சைக்கா காய வச்சா ஒரு கிலோ, அப்ப ரெண்டு ஏக்கருக்கு எவ்ளோன்னு காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதி எழுதிப் பாத்து, ஒரு மலையாளத்துக்காரர்கிட்ட மூணு வருஷம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, தோட்டம் எடுத்துட்டாரு. எங்கிட்ட சொன்னது மூணு லட்சம். குடுத்தது ஆறு.

2020 மார்ச்சுல லாக்டவுன். மெட்டுல அடைச்சிட்டாங்க, பாஸ் இல்லாம ஆள் போக முடியல, மருந்தடிக்க ஆளில்லாம அந்த மழைக்கு அழுகல் விழுந்துருச்சு. விலையும் இறங்கி இறங்கி 2022-ல ஆயிரத்துக்கும் கீழ.

நடுவுல ஓடு மாத்தணும்னு சொல்லி என் பேர்ல குழுக்கடன் எடுக்க வச்சாரு. ஓடு அதே ஓடுதான், காசு வட்டிக்குப் போச்சு. செவ்வாக்கிழமை காலைல தவணை, பத்து பேரு, ஒருத்தி கட்டலைன்னா மத்த யாரும் எந்திரிக்க முடியாது. ஒரு வாரம் வசூல் தம்பி டேப்ப மடியில வச்சுக்கிட்டு திண்ணையில உக்காந்திருக்கு, தெருமுனைல ஜீப்புக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஒன்பது பொம்பளைங்க தூக்குவாளியோட என்னையவே பாக்குறாங்க. இவருக்கு அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஜீப்பு போயிருச்சு. அத்தனை பேரு கூலியும் என்னால போச்சு. கடைசில எதுத்த வீட்டு மதினி சுருக்குப்பையிலருந்து எடுத்துக் கட்டுனாங்க, ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் வந்து "சார்ஜ் இல்ல"ன்னாரு. வாங்கிப் பாத்தேன், எழுபது பர்சென்ட்.

உடனே ஆம்பளைங்கள குறை சொல்றான்னு வராதீங்க. அவரு குடிக்க மாட்டாரு, கை நீட்டுனதில்ல, நம்ம தமிழ்நாட்டுல 2003-லயே நிறுத்துன லாட்டரி கேரளாவுல கடைக்குக் கடை தொங்குது, அதுகூட வாங்க மாட்டாரு. அதனாலதான் எங்கம்மாவே என்னைய "திமிரு"ன்னுச்சு.

பணக்கஷ்டம்னு ஒரு காரணம் இந்து திருமணச் சட்டத்துல கிடையாதும்மான்னு வக்கீல் சொன்னாரு, அதனால ரெண்டு பேரும் சம்மதிச்சு 13பி-ல போட்டோம். அதுக்கு ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டப்புறம் இன்னும் ஆறு மாசம். அந்த ஆறு மாசத்த கோர்ட்டு நினைச்சா தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, எங்களுக்குப் பண்ணல.

இதுல மொய் கூத்து வேற. எங்க கல்யாணத்துக்கு அவரு வழியில செஞ்ச ஒருத்தரு, கேஸ் நடக்கும்போதே பத்திரிக்கையோட எங்கம்மா வீட்டுக்கு வந்து "நோட்டுல உம்பேரும்தானே இருக்கு"ங்குறாரு. நாங்க பிரிஞ்சது தெரியும், சாப்பிட்டியான்னு கேக்கல, ஐயாயிரத்துக்கு வந்துட்டாரு. செய்யலையே நான்.

நான் அம்மா வீட்டுக்கு வந்தப்ப குழுக்கடன்ல ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி. செவ்வாக்கிழமை தவணைக்கு திங்கக்கிழமை ராத்திரியே எங்க வீட்டுக்காரரா இருந்தவரு ஜிபே பண்ணிட்டாரு, ஒரு வாரம் தவறல. கூட இருந்தப்ப ஒரு வாரம் அப்படிப் பண்ணியிருக்கலாம். கடைசித் தவணை அன்னைக்கு ஐம்பது ரூபா கூட வந்துச்சு, எதுக்குன்னு தெரியல, நானும் கேக்கல.