ராஜினாமாக் கடிதத்தை முதலில் கிழியுங்கள்

கேள்வி: ப. சிங்காரம், ஜி. நாகராஜன், சி.சு. செல்லப்பா என்று நம் பக்கத்தில் எழுத்துக்காகவே வாழ்ந்து மறைந்தவர்களைப் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து ஆயுளை வீணடிக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாம் என்றிருக்கிறேன். ராஜினாமாக் கடிதம்கூடத் தயார். தங்கள் ஆசி வேண்டும். எந்த நேரத்தில் எழுதினால் நன்றாக வரும் என்றும் சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருமங்கலம்

பதில்: ஆசி கிடையாது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எழுத்துக்காகவே வாழ்ந்தவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? சிங்காரத்தையா? மதுரை தினத்தந்தியில் 1947-ல் சேர்ந்து சுமார் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒற்றை அறை, அங்கிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து அறை. இதற்கு நடுவில்தான் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டும். முதல் நாவல், ஒரு போட்டியில் பரிசு வாங்கியும் புத்தகமாக வர 1959 ஆயிற்று. இரண்டாவது எழுதி முடித்துப் பல வருஷம் கிடந்து 1972-ல் வந்தது. வந்த பிறகாவது ஊர் கொண்டாடியதா என்றால் இல்லை. அவர் மூன்றாவது நாவல் எழுதவில்லை. நேரம் இல்லாமல் அல்ல, படிக்க ஆள் இல்லாமல். 1997-ல் அவர் போன பிறகு நாம் போட்ட கூட்டங்களுக்குக் கணக்கே இல்லை. உயிரோடு இருந்தபோது ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

நாகராஜன் கதை வேறு. அவருடைய குடியையும் கஞ்சாவையும் கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் செத்ததையும் சொல்லிச் சொல்லி ஒரு புராணமே கட்டிவிட்டார்கள். வாரம் ஒரு இளைஞராவது என் முன்னால் வந்து உட்கார்ந்து அந்தப் புராணத்தை எனக்கே சொல்கிறார். அந்த மனிதர் கணக்கு வாத்தியார் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கல்லூரியிலும் பிறகு டுடோரியல்களிலும் கணக்குச் சொல்லிக்கொடுத்து, 'பித்தன் பட்டறை' என்று பெயர் வைத்துத் தன் புத்தகத்தைத் தானே போட்டவர். அவருடைய 'நாளை மற்றுமொரு நாளே' நாவல், கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். அதில் எந்த வரியையாவது உருவிப் பாருங்கள், பக்கத்து வரி ஆடும். கணக்கு தெரிந்தவன் கை அது. கஞ்சாவைப் பின்பற்ற ஆள் இருக்கிறது, அந்தக் கணக்கைப் பின்பற்றத்தான் ஒருவரையும் காணோம். அவர் ஐம்பத்தொரு வயதில் போனது இலக்கியத்துக்கு நஷ்டம். அதைப் போய் எழுத்தாளனின் லட்சணம் என்று நினைக்காதீர்கள்.

செல்லப்பா ஒருவரை வேண்டுமானால் உங்கள் கட்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். வத்தலக்குண்டுக்காரர். (அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதோ, ராஜமையர், பி.எஸ். ராமையா, இவர் என்று மூன்று பேரைக் கொடுத்த ஊர் அது.) 1959-ல் 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். பிறகு புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். நீங்கள் நினைக்கும் முழுநேர எழுத்து வாழ்க்கையில் பாதி நேரம் மூட்டை சுமப்பதுதான். அவருடைய 'சுதந்திர தாகம்' நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது 2001-ல் வந்தது. அவர் இறந்தது 1998-ல்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். நகைக்கடன் பிரிவில் ஆயுள் வீணாகிறதாமே! சிங்காரம் பதினெட்டு வயதில் கப்பலேறி இந்தோனேசியாவில் இருக்கும் மேடானுக்குப் போய்க் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கண்ட வட்டிக்கடையைத்தான், பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று கடைச் சிப்பந்திகளில் ஒரு ஆள் விடாமல் நாவலுக்குள் கொண்டுவந்தார். உங்கள் கவுண்டரும் அதே சரக்குதான். போன ஜூனில் என் சொந்த அடகைத் திருப்பி வைக்க ஒரு வங்கியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அப்பத்தா, பேத்தியின் பள்ளிக்கூட ஃபீஸுக்காகத் தோட்டைக் கழற்றினார். திருகு வரவில்லை. நகையை மதிப்பிடும் அப்ரைசர் உரைகல்லை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. ஒருவழியாகக் கழன்றதும் அந்த அம்மா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தொங்கிப்போன காது ஓட்டையில் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டு, "வெறுங்காதோட ஊருக்குள்ள போக முடியுமாய்யா?" என்றார். குச்சியை வீட்டிலிருந்தே ஒடித்து முடிந்துகொண்டு வந்திருக்கிறார்! நான் பார்த்தது ஒரு நாள். நீங்கள் தினமும் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். இதை விட்டுவிட்டு வீட்டில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு எதை எழுதப் போகிறீர்கள்?

சன்மான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. ஒரு கதைக்கு நாங்கள் அனுப்பும் தொகையில் நீங்கள் திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து, டவுன்ஹால் ரோட்டில் ஒரு சாப்பாடு சாப்பிட்டு, திரும்பிப் போகலாம். குடும்பத்தோடு வந்தால் கைக்காசு போடவேண்டி வரும்.

எந்த நேரத்தில் எழுதுவது? தூக்கம் வராத நேரத்தில் எழுதுங்கள், அல்லது தூக்கத்தைக் கெடுத்து எழுதுங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் நான்கு பக்கம், தாளின் இரண்டு புறமும் எழுதியது, அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அதில் உங்கள் கதை எதைப் பற்றி என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த உறையில் கதையை அனுப்புங்கள். கூடவே, உயிரோடு இருக்கும் எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய ரசீதையும் வைத்தால் முதலில் எடுத்துப் படிப்பேன்.